ஒரு சோற்றுப் பதமும் பேராசிரியர் ராவும்

(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கல்முனைப் பகுதி வயல்களில் விளைச்சலைக் கணிப்போரும் எல்லா வயலையும் அறுத்து நிறுப்பதில்லை. தெரிந்தெடுத்த சில வயல்களில் சிறு துண்டை அளந்து அறுத்து, அந்நெல்லை நிறுத்தே முழு விளைவையும் மதிப்பிடுகிறார்கள். அம்மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும்? இக்கேள்விக்கு எல்லை வகுத்த பெருமகனாரின் வாழ்க்கையை இன்று சிந்திப்போம்.

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ், அன்றைய சென்னை மாகாணத்து ஹூவின ஹடகலியில் 1920 செப்ரெம்பர் 10 ஆம் நாள், பத்துப் பிள்ளைகளில் எட்டாமவராகப் பிறந்தார். தாயார் லக்ஷ்மிகாந்தம்மா விடியற்காலை நான்கு மணிக்கே மகனை எழுப்பி, எண்ணெய் விளக்கேற்றிப் படிக்க வைத்தார். அந்த நன்றியை மகன் பிற்காலத்தில் தம் நூலொன்றில் பொறித்து வைத்தார்.

ஆந்திர சர்வகலாசாலையில் கணிதம் கற்றுத் தேறியும் அவருக்கு உத்தியோகம் வாய்க்கவில்லை. யுத்த காலம் அது. இராணுவ வேலை தேடிக் கல்கத்தா சென்றார், அதுவும் கைகூடவில்லை. ஆனால் மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரக் கழகத்தைப் பற்றி அங்கேதான் அறிந்தார். 1941 இல் அதிற் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் அவரே ஆசிரியரானார். ஒருநாள் வகுப்பில், "பெரிய மாதிரிக்குச் சொல்லும் இவ்விதி சிறிய மாதிரிக்கும் பொருந்துமா?" என்ற கருத்தில் மாணவர் ஒருவர் கேட்டார். ராவ் இரவெல்லாம் விழித்திருந்து விடை கண்டார். 1945 இல் அது கட்டுரையாக வெளிவந்தது. சுவீடன் அறிஞர் கிராமரும் தனித்து இதனைக் கண்டமையால், இன்று உலகம் இதனைக் கிராமர்–ராவ் எல்லை என்கிறது. மாதிரியில் அடங்கிய தகவலுக்கு ஓர் அளவுண்டு. பக்கம் சாயாத எந்த மதிப்பீடும் அந்த அளவை மீறி நுட்பமாக இருக்க முடியாது என்பதே அதன் சாரம். மடியில் உள்ள பாலைத்தானே கறக்கலாம்!

பின்னர் கேம்பிறிட்ஜ் சென்று, சூடானில் அகழ்ந்தெடுத்த பண்டைய எலும்புகளின் அளவைகளை ஆராய்ந்து, பேரறிஞர் பிஷரின் வழிகாட்டலில் 1948 இல் கலாநிதியானார். தாய்க் கழகத்துக்குத் திரும்பிப் பல்லாண்டு உழைத்து, அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1979 இல் அமெரிக்கா சென்றும் ஓய்ந்திருக்கவில்லை. 2001 இல் பத்ம விபூஷண் விருதும், 2023 இல் சர்வதேசப் புள்ளிவிபரவியற் பரிசும் அவரை நாடி வந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 22 இல், நூற்றிரண்டு வயதில் மறைந்தார்.

பெரியோர்களே, நம் ஊர்களில் உயர்தரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை, "இவன் இவ்வளவுதான்" என்று தீர்த்துவிடுகிறோம். ஒரு பரீட்சையும் ஒரு சோறுதான். பானையைக் கிளறாமல் மேலே கிடந்த ஒரு பருக்கையைத் தொட்டுப் பதம் சொல்லலாமா? கல்கத்தாவில் வேலை கிடைக்காத வாலிபரை அன்று உலகம் அப்படியே எடைபோட்டிருந்தால் இழப்பு யாருக்கு?

இளைஞர்களே, கைவிட்டுப்போன வேலையோடு கதை முடிவதில்லை. தாய்மார்களே, அந்த நான்கு மணி விளக்கை நம் வீடுகளிலும் ஏற்றுவோம்.