கோச் யாருக்கு, எதற்கு?

ரயிலில் தேடும் கோச்சும், மைதானத்தில் விசில் ஊதும் கோச்சும் ஒரே சொல்தான். ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. பிற்பாடு ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரைசேர்த்த ஆசிரியரையும் அப்படியே அழைத்தார்கள். வண்டி என்றால், எங்கே போகவேண்டும் என்பதை ஏறுகிறவர்தானே சொல்லவேண்டும்!

2001-ல் எரிக் ஷ்மிட் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். முதலீட்டாளர் ஜான் டோர், ஒரு கோச் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றது, தன் வேலையில் குறை கண்டுவிட்டார்களோ என்று. கடைசியில் வந்தவர் பில் கேம்ப்பெல். இன்ட்யூட் நிறுவனத்தை நடத்தியவர்தான். அதற்கு முன்னால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆறு சீசன் கோச். ஜெயித்தது 12 ஆட்டம், தோற்றது 41. அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

கேம்ப்பெல் என்ன செய்தார்? தனியாகச் சந்திக்கும்போது வெள்ளைப் பலகையில் ஐந்து சொற்கள் எழுதி வைத்திருப்பார். ஒன்று ஓர் ஆளைப் பற்றியதாக இருக்கும், இன்னொன்று ஒரு தயாரிப்பைப் பற்றி. ஆனால் பேச்சு தொடங்குவது வீடு, பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று. அது சும்மா குசலம் இல்லை. வீட்டுக் கவலையை மறைக்கிறவர் கடைக் கவலையையும் மறைப்பார். கூகுளிடம் அவர் சம்பளம் வாங்க மறுத்தார். சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவரிடம் ஆலோசனை கேட்டவர்தான். ஒன்று கவனியுங்கள்: யாருக்குச் சொல்லித்தருவது என்பதைக் கேம்ப்பெல்தான் தேர்ந்தெடுத்தார். நேர்மையும் பணிவும் இல்லாதவரிடம் அவர் நேரம் செலவழிக்கவில்லை.

நமக்குக் கிடைப்பவர் ஃபீஸ் வாங்குவார், வாங்கட்டும். இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது, விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். அதனால் முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசுகிறார் என்று பாருங்கள். அவரே பேசித் தீர்த்தால், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். ஆறு மாதத்தில் விற்பனை இரட்டிப்பு என்றால், காப்பிகூட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பாத்திரக்கடைக்காரர் ஒருவர் கோச் வைத்தார். மூன்று மாதம் விளம்பரம், போர்டு, லைட்டு என்றே பேச்சு. வட்டிக்கு வாங்கியதை மட்டும் சொல்லவில்லை. நான்காம் மாதம் மஞ்சள் பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கோச் அரைமணி நேரம் புரட்டிவிட்டு, "அண்ணாச்சி, போர்டு பிறகு பார்க்கலாம்" என்றாராம்.