புத்தகக்காரி வந்த வழி



வாசிப்பின் மகிமையைச் சொல்லும் படப்புத்தகம் என்றதும் ஓவியர் கை தானாகவே ஒரு படம் போட்டுவிடும். விரித்த புத்தகம், அதிலிருந்து யானையும் ராக்கெட்டும் கிளம்பும், மேலே வானவில். எழுத்துக்கூட்ட முடியாமல் மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு அந்த வானவில்லைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஹெதர் ஹென்சன் வேறு வழியில் போனார். அவர் எழுதி, டேவிட் ஸ்மால் படம் வரைந்த 'தட் புக் உமன்' 2008-இல் வெளிவந்தது. களம் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதி; பொருளாதாரப் பெருமந்தக் காலம். 1935 முதல் 1943 வரை, அரசின் வேலைத் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் அங்கே குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தக மூட்டையோடு மலையேறினார்கள். மாதச் சம்பளம் 28 டாலர். பல இடங்களில் ஓடைதான் பாதை. சம்பளம் மட்டுமே அரசுடையது. புத்தகங்களெல்லாம் தானமாக வந்தவை.

கதை சொல்லும் கேல், அப்பாவோடு ஏர் பிடிக்கும் பையன். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் தங்கை லார்க்கைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். பனி கொட்டுகிற நாளிலும் புத்தகக்காரி வந்து நிற்கிறாள். வீட்டுக்குள் குளிர் புகுந்துவிடக் கூடாதென்று கதவிடுக்கில் புத்தகத்தை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவர அதில் என்னதான் இருக்கிறது? அந்தக் கேள்விதான் பையனைத் தங்கையிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. உபதேசம் கிடையாது, பிரம்பும் கிடையாது. ஒருத்தி பட்ட சிரமத்தை அவன் கண்ணால் பார்த்தான், அவ்வளவே.

படப்புத்தகம் செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வாசிப்பின் சக்தியை வரைய முடியாது, அதற்காக ஒருவர் மலையேறுவதை வரையலாம். இந்த வகைப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் 32 பக்கம், நம் அச்சகக் கணக்கில் இரண்டு ஃபாரம். படத்தில் பனி கொட்டும்போது கீழே 'பனி கொட்டியது' என்று எழுதினால் ஒரு வரி வீண். கேள்வி வலப்பக்கத்தில் நிற்க வேண்டும்; விடை, தாளைப் புரட்டிய பிறகு. இங்கே பலர் கதையை எழுதி முடித்துவிட்டு, பத்துப் படம் போட்டுக் கொடுங்கள் என்று ஓவியரிடம் தள்ளிவிடுகிறார்கள். பிறகு குழந்தைகள் வாசிப்பதில்லை என்று கருத்தரங்கமும் நடத்துகிறார்கள்!

அந்தக் குதிரைக்காரப் பெண்கள் வெறும் சுமைகூலிகள் அல்லர். புத்தகம் போதாதபோது பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து, சமையல் குறிப்பு, ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி எல்லாம் ஒட்டி, தாங்களே தொகுப்பேடுகள் செய்து வீடுவீடாகச் சுற்றுக்கு விட்டார்கள். கதையின் முடிவில் கேலின் அம்மா புத்தகக்காரிக்குக் கொடுக்கும் அன்பளிப்பும் ஒரு சமையல் குறிப்பே, பெர்ரிப் பழம் வைத்துச் சுடும் பலகாரத்துக்கு. அது அடுத்த மலைவீட்டுக்கு ஏதோ ஒரு தொகுப்பேட்டில் ஒட்டப்பட்டுப் போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். ஹென்சன் அதை எழுதவில்லை.