எந்த இரும்பு மாத்திரை நல்லது?
(மாதர் கூட்டத்தில் ஆசிரியை ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் டீச்சர் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த உடம்போடு கூடை சுமந்து மலையேறினால் மூச்சு வாங்கும். பிரசவத்தில் இரத்தம் போனால் தாங்காது. பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம்.

பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் லயத்துக்கு லயம் ஒரே பேச்சு: “கிளினிக் மாத்திரை வயித்தப் பிரட்டுது, பார்மசி மாத்திரைதான் நல்லது.”

கணக்கைப் பார்ப்போம். 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் மாத்திரையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 200 மில்லிகிராம் பெரஸ் பியூமரேட்டிலும் அதே அளவுதான். 300 மில்லிகிராம் பெரஸ் குளுக்கோனேட்டில் 35 மில்லிகிராம் மட்டுமே. வயிற்றுக்கு அது இதமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இரும்பு குறைவாக இருப்பதே காரணம். பொலிமோல்ட்டோஸ் வகையில் வயிற்றுத் தொல்லை குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் விலை கூட. கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் கடன் வாங்கி அதை வாங்கத் தேவையில்லை.

குமட்டல், மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது எல்லாம் இந்த மாத்திரையோடு வருபவை. கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் முன் விழுங்குங்கள். தேத்தண்ணியோடு மட்டும் விழுங்காதீர்கள். நாம் பறிக்கும் கொழுந்தின் சாயமே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால் இரும்பு நன்றாகச் சேரும்.

அப்படியும் தாங்க முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். டொக்டர் அளவைக் குறைக்கலாம், வகையை மாற்றலாம். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மிட்டாய் என்று நினைத்துச் சின்னப்பிள்ளை சில மாத்திரைகளை விழுங்கினால் உயிரே போகலாம். எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனித் தலைவர்மாருக்கு ஒரு வார்த்தை. மலையில் மலசலகூடம் இல்லை. வயிறு கலங்கினால் அந்தப் பெண் எங்கே போவாள்? அதனால்தான் பலர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை என்றால் கிளினிக்கையும் விட்டுவிடுவார்கள். கிளினிக் நாளில் சம்பளம் வெட்டக் கூடாது. வேலை செய்யும் மலையில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும். கர்ப்பிணிக்கு இலேசான வேலை கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதி வையுங்கள்.

மாத்திரையை நாங்கள் விழுங்குகிறோம். மற்றதைச் சங்கம் கேட்டு வாங்கித் தரட்டும்.