மீண்டும் மீண்டும் வரும் தலைவலியும் அக்குபஞ்சர் மருத்துவமும்

(தசலட்சணப் பருவ நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்து நாள் நோன்பு நிறைவுற்ற இவ்வேளையில் தலைவலியைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நோன்பு நாள்களில்தான் பல இல்லங்களில் அவ்வலி தலைகாட்டுகிறது. முதல்நாள் கதிர் மறையுமுன் உண்ட அம்மையார் மறுநாள் உபவாசம் இருக்கிறார். நண்பகலில் நெற்றியின் ஒருபுறம் தெறிக்கத் தொடங்குகிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, மணியோசை பொறுக்கவில்லை, குமட்டல் எழுகிறது. இருந்தும் பூசை முடியும்வரை வாய்திறவாமல் ஆலயத்தில் அமர்ந்திருக்கிறார். வினவினால், "அசாதா வேதனீயத்தின் உதயம், அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதான்" என்கிறார்.

துன்ப நுகர்ச்சிக்கு வினையே வித்து என்பது ஆகமத் துணிபு; அதில் ஐயமில்லை. ஆயின் மருந்தை விலக்குக என்று அவ்வாகமம் இல்லறத்தார்க்குக் கூறவில்லை. நோயைப் பொறுத்தல் 22 பரீஷகங்களுள் ஒன்று. அது துறவோர்க்கு உரைத்தது. இல்லறத்தார்க்கு உரைத்தது நால்வகைத் தானம். அவற்றுள் ஒன்று ஔடத தானம். இன்னொன்றும் உண்டு. வலியையே எண்ணியெண்ணி உள்ளம் சுழல்வதைத் தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. தலை பிளக்கும் வலியோடு அமர்ந்திருப்பவருக்குச் சாமாயிகம் கைகூடுமா, ஆர்த்த தியானம் கைகூடுமா? ஒன்பதாம் நூற்றாண்டளவில் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை இயற்றி, ஊன் கலவாமலே நோய் தீர்க்கலாகும் என வாதிட்ட உக்கிராதித்தர் ஒரு சமண முனிவர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டிய தமிழ்ப் புலவர்களும் சமணரே. அத்தகைய மரபில் வந்த குடும்பங்களில் வலியை மறைப்பது பொறுமையாக மதிக்கப்படுவது விந்தை.

மற்றொரு சாரார் வலி தோன்றிய மறுகணமே மாத்திரையைத் தேடுவர். எப்போதேனும் ஒருமுறை என்றால் குற்றமில்லை. ஆனால், அடிக்கடி தலைவலி வருவோர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரைகளை உண்டு, அவ்வழக்கம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அம்மாத்திரையே தலைவலியைத் தோற்றுவிக்கக்கூடும். பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரையாயின் 10 நாளே போதும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி என்று சக்கரம் சுழலும். சிலவகை மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்பதால் இரைப்பையில் புண்ணும், சிறுநீரகத்தில் கேடும் நேர்வதைப் பலர் காலந்தாழ்ந்தே அறிகின்றனர். தலைவலி ஏன் வருகிறது என்று எவரும் கேட்காமலே இவ்வளவும் நிகழ்ந்துவிடுகிறது.

கேட்பதிலிருந்து தொடங்குவதே அக்குபஞ்சர் மருத்துவத்தின் சிறப்பு. சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நூல்வடிவம் பெற்ற முறை இது. தலைமயிரை ஒத்த நுண்ணிய ஊசிகள். அவற்றில் மருந்து ஏதும் இல்லை. உடலில் 361 புள்ளிகளை மரபு வகுத்துள்ளது. தலை வலிக்கிறது என்று வந்தவரின் கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும், பாதத்திலும் ஊசி வைப்பதைக் கண்டு புதியவர் திகைப்பர். உடலெங்கும் ஓடும் 'சீ' என்னும் உயிராற்றலின் தடைகள் அவ்வாறு நீங்கும் என்பது சீனர் கொள்கை. இக்கால உடலியலார் அவ்வாற்றலைக் காணவில்லை. நரம்புகள் தூண்டப்பெற்று, வலியைத் தணிக்கும் பொருள்களை மூளை தானே சுரக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஊசிக்கு முன் நடக்கும் உசாவலே இங்குக் கருதத்தக்கது. நல்ல மருத்துவர் இரு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பார், நாவைப் பார்ப்பார், உறக்கம், உணவு, மலச்சிக்கல், மாதவிலக்கு, மனக்கவலை அனைத்தையும் கேட்பார். மணிலா அறுவடைக் காலத்து இல்லத்தரசி ஒருவரை எண்ணிப் பார்க்க. நான்கு மணிக்கு எழுகிறார். வீட்டார் உண்டபின் பதினொரு மணிக்கு உண்கிறார். வெயிலில் கழுத்தைக் குனிந்து காய் ஆய்கிறார். காய்ச்சி வடித்த நீரை வயலுக்குக் கொண்டுபோக மறந்து, நா வறள மாலைவரை இருக்கிறார். இரவில் மகனின் கடனை நினைத்து உறக்கம் வருவதில்லை. இவருடைய வலி நெற்றியில் தோன்றுகிறதே தவிர, நெற்றியில் மட்டும் இருப்பதன்று. இவற்றை எவரும் கேளாதவரை மாத்திரையும் பயன்படாது, ஊசியும் நிலையாகப் பயன்படாது.

ஊசியால் உண்மையில் எவ்வளவு நன்மை? 2016ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஒற்றைத் தலைவலி உற்ற 4985 பேர் பங்கேற்ற 22 ஆய்வுகளை ஆராய்ந்தது. தலைவலி வரும் நாள்கள் பாதியாகக் குறைந்தவர்கள், ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 41 பேர்; பெறாதோரில் 17 பேர். மெய்யான ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலோ 50 பேருக்கு 41 பேர் என்ற அளவில் வேறுபாடு சுருங்கிவிடுகிறது. "ஊசி பயன் தருகிறது" என்பாரும் "புள்ளியின் பெருமை மிகைப்படுத்தப்பட்டது" என்பாரும் இவ்வெண்களையே காட்டுகின்றனர். அநேகாந்தம் பயின்றோர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. இரண்டும் ஒரு நோக்கில் மெய். அமைதியாகப் படுத்திருத்தல், ஒருவர் அக்கறையோடு கேட்டல், தோலில் ஏற்படும் தூண்டல் ஆகியவை சேர்ந்தே நலம் செய்கின்றன என்று கொள்ளுவது பொருந்தும். எல்லா நோயும் ஊசியால் தீரும் என்று விளம்பரம் செய்வோரை மட்டும் விலக்கிவிடலாம்.

இம்முறை இந்தியாவுக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1938இல் போரால் துயருற்ற சீன மக்களுக்கு மருந்தளிக்க இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றனர். டாக்டர் கோட்னிஸ் அங்கேயே உயிர்நீத்தார். உடன்சென்ற டாக்டர் பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைப் பயின்று கொல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். ஔடத தானம் செய்யச் சென்ற நாட்டிலிருந்து ஓர் ஔடதம் திரும்பி வந்தது எனலாம்.

சிகிச்சைக்குச் செல்வோர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படுவதுதானா? மருத்துவருக்கு முறையான பயிற்சி உண்டா? சிலர் ஊசியோடு, விலங்கின் குடலிலிருந்து செய்த நூலைத் தோலடியில் பதிப்பதுண்டு. சீன மருந்துகள் சிலவற்றில் விலங்குப் பொருள்கள் கலப்பதுண்டு. அகிம்சை நோற்பவர் இவை வேண்டாம் என முன்னரே தெளிவாகச் சொல்லிவிடலாம். கருவுற்றோரும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும் அதனை மறைக்கலாகாது. ஓரிரு அமர்வில் முடிவு காண இயலாது. ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வு வரை என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல். வலி வந்த நாள், நேரம், முன்னர் உண்டது, உறங்கியது, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுசெல்வது பேருதவி.

திடீரென இடிவிழுந்தாற்போல் எழும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தது, பேச்சுக் குழறுவது, கைகால் தளர்வது, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குவது ஆகியவற்றுக்கு ஊசி வேண்டாம்; உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு நோன்பைப் பற்றி ஒன்று. பட்டினி இருப்பது ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் என்பது நன்கறிந்த உண்மை. சோடச காரண பாவனைகளுள் 'சக்திக்கேற்ற தவம்' என்பதும் ஒன்று. முழு உபவாசம் வலியைக் கிளப்பும் என்று குறிப்பேடு காட்டுமாயின் ஏகாசனம் உண்டு. எத்தனை நாள், எந்நேரத்தில், எவ்வளவு நீர் என்பதை நோன்பு தொடங்கும் காலையில் அன்று, ஒரு திங்களுக்கு முன்னரே மருத்துவரோடும் வீட்டுப் பெரியோரோடும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.