ஏவியவனும் குற்றவாளியே!
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தோட்டத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், மங்குகளில் உறைந்திருந்த கட்டிப்பாலைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகையில் காவற்காரரிடம் பிடிபட்டான். ஆபீசில் வைத்து, "தம்பி, யார் சொல்லி எடுத்தாய்?" என்று நாம் கேட்டோம். வெகுநேரம் அழுத பிறகு, "லோரிக்கார அண்ணன்தான் சொன்னாரு, சாக்கும் அவர் கொடுத்ததுதான்" என்றான். கேட்டுக்கு வெளியே கட்டிப்பால் வாங்கும் ஆசாமி அவன்.

"நான் தொட்டேனா? வாயால்தானே சொன்னேன்?" என்கிறான் அந்த ஆசாமி. நம்மவரிலும் பலர் அதற்குத் தலையாட்டினார்கள்!

சட்டம் தலையாட்டவில்லை, தோழர்களே. தண்டனைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, குற்றம் செய்யத் தூண்டுவதை உடந்தைக் குற்றம் என்கிறது. தூண்டியபடி குற்றம் நடந்துவிட்டால், 109-ஆவது பிரிவின்படி செய்தவனுக்குரிய தண்டனையே தூண்டியவனுக்கும். திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. பையன் மனம் மாறித் திரும்பியிருந்தாலுங்கூட ஏவியவன் தப்ப முடியாது. 116-ஆவது பிரிவு அந்த உச்ச தண்டனையில் நாலில் ஒரு பங்கு வரை சிறை விதிக்கிறது. பத்து வயது நிரம்பாத பிள்ளை செய்வது சட்டப்படி குற்றமே ஆகாது. பிள்ளையை ஏவியவனுக்கோ அந்தச் சலுகை கிடையாது.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து "அடி அவனை!" என்று கத்திவிட்டு நழுவுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

'தூண்டுகிறார்கள்' என்ற சொல்லை நம்மீதும் வீசியதுண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தபோது, தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் கேட்டது என்ன? கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காத உரிமை! கூலி கேள் என்பதும், திருடு என்பதும் ஒன்றாகுமா?

பையனின் தகப்பனாருக்கு வேலை நீக்க நோட்டீசு தயாரிக்கும்படி நிர்வாகி உத்தரவிட்டார். அதைத் தட்டச்சு செய்தவர் யார்? நாமேதான். லோரிக்காரன் பெயரைச் சொல்லத் தகப்பனார் அஞ்சினார். அவனிடம் அவருக்குக் கடன் இருக்கிறது. கிளைக் குழுவினர் நால்வர் உடன்போக, போலீஸ் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். சாக்கையும் ஒப்படைத்தோம். அதில் அவனுடைய கடைப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.

நோட்டீசு இன்னும் கையெழுத்தாகவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு, புகாரின் நகலோடு நிர்வாகியைப் பார்க்கிறோம். வேலை முடிந்தவர்கள் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள்.