ஆயில் குச்சி எப்போது உண்மை சொல்லும்?

நவரைக்குச் சேறு கலக்கும் நாட்களில் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. அந்த அவசரத்தில் ஒரு சின்ன வேலையைத் தவறாகச் செய்துவிட்டு, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். இஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற வேலையைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் நான் பார்த்த சங்கதி இது. அங்கே இப்போது சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. டிராக்டர்காரரின் மகன் கம்பெனி வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டும். வண்டியைக் காலையில் பார்க்க ஆளில்லை. டிரைவர் நடுப்பகலில் கஞ்சி குடிக்க வண்டியை நிறுத்துவார். நிறுத்திய கையோடு, வாய்க்கால் சரிவிலேயே குச்சியை உருவிப் பார்ப்பார். கீழ்க்கோட்டுக்கும் கீழே காட்டும். ஒரு லிட்டர் ஊற்றுவார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பிரீதர் குழாய் ஆயிலைக் கக்கியது, சைலன்சரில் நீலப் புகை. "ரிங் போயிடுச்சு, இஞ்சினைப் பிரிக்கணும்" என்று யாரோ சொல்ல, வீட்டு நகையை அடகு வைக்க எடுத்துவிட்டார்கள்.

நான் போனபோது வண்டி ராத்திரி முழுக்கச் சமதரையில் நின்றிருந்தது. குச்சியைத் துடைத்துப் போட்டு எடுத்தேன். மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை! இரண்டு லிட்டருக்கு மேல் வடித்த பிறகு இஞ்சின் பழையபடி ஓடிற்று. நகை பீரோவுக்குத் திரும்பிப் போயிற்று.

ஏன் இப்படி? இஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலை மேலே தள்ளுகிறது. பில்டரில் கொஞ்சம், ராக்கர் பக்கம் கொஞ்சம், பேரிங்குகளில் கொஞ்சம் என்று அது பரவி நிற்கும். நிறுத்தியவுடன் எல்லாம் அடியில் இருக்கிற சேம்பருக்கு வந்து சேர்ந்துவிடாது. பத்துப் பதினைந்து நிமிஷமாவது பிடிக்கும். அதற்குள் பார்த்தால் குறைச்சலாகத்தான் தெரியும். சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அந்தக் குச்சியை நம்பவே கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. சூடானால் ஆயில் விரியும். காலையில் 30 டிகிரியில் இருக்கிற ஆயில், வேலை செய்து 90 டிகிரிக்கு வரும்போது பத்து லிட்டருக்குச் சுமார் 400 மில்லி கூடுதலாக இடம் பிடிக்கும். ஆகவே சூட்டோடு வைத்திருந்து நன்றாக வடிந்த பிறகு பார்த்தால் சற்று உயர்வாகக் காட்டும். இது ஆயில் கூடியதல்ல, குறைந்ததுமல்ல.

டிராக்டருக்கும் டீசல் பம்புசெட்டுக்கும் என் யோசனை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள் என்பதுதான். வண்டி சமதரையில் நிற்கவேண்டும். முதலில் உருவும்போது குச்சியில் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியதெல்லாம் அதில் பூசியிருக்கும். சுத்தமான துணியால் துடைத்து (பஞ்சு இழை உள்ளே போகக்கூடாது), அடிவரை செருகி, மறுபடி எடுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் தாழ்ந்த பக்கத்தை நம்புங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல்கோடு வரை ஊற்றியே தீரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஊற்றினாலும் கால் லிட்டர், அரை லிட்டராக ஊற்றிச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறினால்தான் உண்மையில் பயப்படவேண்டும். பழைய வண்டிகளில் டீசல் பீட் பம்பின் டயாப்ரம் கிழிந்தால் டீசல் சேம்பரில் இறங்கும். குச்சியை மோந்து பாருங்கள். டீசல் வாடை வரும், ஆயில் தண்ணீர் மாதிரி ஒழுகும். வெள்ளையாக, மோர் போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டிலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கறுப்பாக இருப்பதற்கு மட்டும் பயப்படாதீர்கள். டீசல் இஞ்சினில் புது ஆயில்கூடச் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். கரியைச் சுமப்பது அதன் வேலை.

இன்னொன்று. டிராக்டருக்குச் சொன்ன இந்த முறையை வீட்டில் நிற்கிற பழைய புல்லட்டுக்குச் செய்துவிடாதீர்கள். 1956 முதல் திருவொற்றியூரில் செய்த அந்த வார்ப்பிரும்பு இஞ்சின் வண்டிகளில் ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. ராத்திரி நிற்கும்போது தொட்டி ஆயில் மெள்ளக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் குச்சி வறண்டு தெரியும். அதை நம்பி ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் அதிகப்படி எல்லாம் பிரீதர் வழியே வெளியே வரும். சில நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகே அதில் பார்க்கவேண்டும். 2013-ல் இருந்து நம் ஒரகடத்தில் தயாராகிற வண்டிகளின் இஞ்சின் அமைப்பே வேறு. அளவு பார்க்கக் கண்ணாடிச் சில்லு வைத்த வண்டிகளும் வந்துவிட்டன. குச்சியைத் திருகிவிட்டுப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் ஒரே வரியில் போட்டிருப்பான். மகனையோ மகளையோ படிக்கச் சொல்லி, அந்த வரியை ஷெட் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.