விற்பனைக்கு வராத வண்டி



மோட்டார்க் கண்காட்சிகளில் இடம்பெறும் வண்டிகள் இரு வகைப்படும். விற்பதற்கென்று வைக்கப்படுபவை ஒரு வகை. வருங்கால வண்டி இவ்வாறு அமையலாம் என்று காட்டுவதற்கென்றே செய்யப்படுபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையிற் பெரும்பாலானவை விரைவில் மறக்கப்படுகின்றன. மறக்கப்படாத ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

1969-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 'சி 111' என்னும் சோதனைக் காரைக் காட்சிக்கு வைத்தது. இருவர் அமரக்கூடிய தாழ்ந்த வண்டி. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் உடல். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். பறவை சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள்.

எனினும், புதுமை உள்ளேதான் இருந்தது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்கும். இதிலோ, பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் வகுத்த முறைப்படி, முக்கோண வடிவச் சுழலிகள் மூன்று சுழன்று 280 குதிரைத்திறனை அளித்தன. 1970-இல் ஜெனீவாவில் காட்டப்பட்ட வண்டியில் சுழலிகள் நான்கு, திறன் 350, வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர்.

செல்வர் சிலர் தொகை குறிக்காத காசோலைகளையே அனுப்பி வண்டியைக் கேட்டனர் என்பர். நிறுவனம் விற்கவில்லை. சுழலும் எஞ்சின் எரிபொருளை மிகுதியாக விழுங்கியது. அதன் எரியறை நீண்டு ஒடுங்கியிருந்தமையால் எரிபொருள் முற்றும் எரியாது புகையோடு வெளியேறியது. புகைக் கட்டுப்பாடுகளும் இறுகி வந்தன. 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது.

எஞ்சின் தோற்றது, வண்டி தோற்கவில்லை. அதே வண்டியில் பொறியியலார் டீசல் எஞ்சினைப் பொருத்தினர். டீசல் என்றால் சிக்கனமானது, ஆனால் மந்தமானது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. சாதாரணக் காரில் 80 குதிரைத்திறன் தந்த மூன்று லிட்டர் எஞ்சின், 'டர்போ' அமைப்பின் துணையால் 190 தந்தது. வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே, கூடுதலான காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு அது. 1976 ஜூனில், இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில், அறுபது மணி நேர ஓட்டத்தில் இவ்வண்டி 16 உலகச் சாதனைகளை ஏற்படுத்தியது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

1978-இல் இதே நிறுவனத்தின் '300 எஸ்.டி.' என்ற கார் டர்போ டீசல் எஞ்சினுடன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதை வாங்கியவர் கோடீசுவரர் மட்டும் அல்லர். நெடுந்தொலைவு செல்லும் குடும்பத்தினரும் வாங்கினர்.

காசோலைகளை ஏற்றிருந்தால் சிலருடைய கொட்டகைகளில் அழகிய வண்டிகள் சில நின்றிருக்கும். அவற்றோடு, குறையுள்ள எஞ்சின் ஒன்றும் விலைபோயிருக்கும். சோதனையைச் சோதனை என்றே கொண்டு, குறையைக் கண்டபோது எஞ்சினை மாற்றத் துணிந்தமையால், ஒருவருக்கும் விற்காத வண்டியின் பயன் பலருக்கும் கிட்டியது. ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் வீண் என்போர்க்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.